உப்பும் படகு இயந்திரமும்



உப்பு மனிதனுக்கு உற்ற துணை. உணவுக்குச் சுவை தருவது உப்பு. மீனைக் கருவாடாக்கிப் பல நாள் கெடாமல் காப்பதும் உப்பு. நன்றி மறவாமையைப் போதிக்க விரும்பிய நம் முன்னோர், உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அந்தப் பொருளையே எடுத்துக் கூறினர். திருகோணமலை நகரையடுத்து உப்புவெளி என்னும் பெயரோடு ஓர் ஊர் உண்டு. அதற்கு வடக்கேயுள்ள நிலாவெளியின் உப்பளத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். இவ்வாறு நமக்குத் துணையாக விளங்கும் உப்பு, படகு இயந்திரத்தினுள்ளே புகுந்து தங்கிவிடுமாயின் பகையாக மாறிவிடுகிறது. அப்பகையை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு நாள்தோறும் கழுவி அகற்றுவது என்பவற்றை இன்று உங்களுடன் ஆராய விரும்புகிறேன்.

நான் இயந்திரவியல் கற்றவன் அல்லேன். கலைத்துறையிற் பட்டம் பெற்று, பாடசாலைப் பணியிலே காலம் கழித்தவன். எனினும் கடற்கரைக் கிராமங்களின் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டும் ஒருவன், அவர்களுடைய தந்தையர் கையாளும் கருவியைப் பற்றி அறியாதிருத்தல் இயலாது. வீட்டில் இயந்திரம் பழுதடைந்தால் அதன் விளைவு வகுப்பறையில் தெரியும். முதலிலே கொப்பி வாங்கப் பணம் இராது. பின்னர் பிள்ளை இடையிடையே வராமல் நிற்கும். சில வேளைகளில் மூத்த மகன் படிப்பை விட்டுக் கூலிக்குப் போய்விடுவான். ஆகவே இது வெறும் இரும்பையும் எண்ணெயையும் பற்றிய பேச்சு அன்று.

படகின் பின்புறத்திலே கழற்றி மாட்டக்கூடியதாக அமைந்த இயந்திரத்தை வெளியிணைப்பு இயந்திரம் என்று நூல்களில் எழுதுகிறோம். கரையிலே அதனை இஞ்சின் என்ற ஒரே சொல்லால் வழங்குகிறார்கள். நோர்வேயிற் பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர் 1909ஆம் ஆண்டில் ஒன்றரைக் குதிரைவலுவுடைய இத்தகைய இயந்திரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இலங்கையில் மீன்பிடித் தொழிலுக்கு இயந்திரங்களைப் பரவலாகப் புகுத்தும் முயற்சி 1950களின் பிற்பகுதியிலே வேகம் பெற்றது. துடுப்பையும் பாயையும் நம்பியிருந்த வள்ளங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் படிப்படியாகப் பிடித்துக்கொண்டன. இன்று புல்மோட்டை தொடக்கம் வெருகல் வரையுள்ள கரைகளில் நீங்கள் காண்பவற்றுட் பெரும்பாலானவை அத்தகைய படகுகளே.

திருகோணமலைக் கடலுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. துறைமுகத்தின் உட்புறம் மலைகளால் அரண் செய்யப்பட்டு அமைதியாக இருக்கும். ஆனால் கரையை விட்டுச் சிறிது தூரம் விலகியதும் கடலடியிலே பெரும் பள்ளத்தாக்கு ஒன்று ஆழ்ந்து செல்கிறது. அங்கே நங்கூரத்தைப் போட்டால் கயிறு முழுவதும் ஓடித் தீரும். நங்கூரம் நிலத்தைத் தொடாது. சோளகம் என்றும் கச்சான் என்றும் சொல்லப்படும் தென்மேற்குக் காற்றோ கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவது. அக்காலத்திலே இயந்திரம் நின்றுபோன படகை அக்காற்று கிழக்கே வங்காள விரிகுடாவினுள் தள்ளிச் செல்லும். துறைமுகத்தினுள் இயந்திரம் நின்றால் அது தொல்லை. வெளியே நின்றால் அது உயிராபத்து. அத்தகைய நிறுத்தத்துக்கு உரிய காரணங்களுள் ஒன்று, கண்ணுக்குத் தெரியாமல் மெல்ல மெல்லச் சேர்ந்த உப்பு.

உப்பு இயந்திரத்தினுள் எப்படிச் செல்கிறது? எரிபொருள் எரிவதால் இயந்திரம் கடுமையாகச் சூடேறும். அந்தச் சூட்டைத் தணித்துக்கொண்டே இருக்க வேண்டும். மோட்டர் வண்டியிலே இதற்கென ஒரு நீர்த்தொட்டியும், அந்நீரைக் குளிர்விக்கும் அமைப்பும் உண்டு. அதே நீர் திரும்பத் திரும்பச் சுழலும். வெளியிணைப்பு இயந்திரத்துக்கோ கடலே நீர்த்தொட்டி. நீரினுள் அமிழ்ந்திருக்கும் அடிப்பகுதியில் வடிதட்டுப் போன்ற சிறு துவாரங்கள் இருக்கின்றன. அவற்றின் வழியாகக் கடல்நீர் உள்ளே சென்று, றப்பர் இதழ்களையுடைய ஒரு சிறு சுழலியால் மேலே தள்ளப்படுகிறது. இம்பெல்லர் என்று நாம் சொல்வது இதனையே. நீர் மெல்லிய குழாய் வழியாக ஏறி, உருளையைச் சுற்றியுள்ள ஒடுங்கிய வழிகளில் ஓடி, சூட்டை ஏந்திக்கொண்டு புகையோடு வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதி மட்டும் இயந்திரத்தின் பக்கத்திலுள்ள சிறு துளையினால் நூல்போலப் பீறிட்டு வீழும். நீர் சுற்றுகிறதா இல்லையா என்பதை ஓட்டுபவருக்கு அறிவிப்பதற்காகவே அத்துளை அமைந்திருக்கிறது.

ஒரு லீற்றர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. மாரி காலத்திலே மகாவலி கங்கை வெள்ளத்தோடு வந்து கலக்கும்போது கொட்டியாரக் குடாவின் மேல்நீரில் இவ்வளவு குறையும். ஆயினும் உப்பு இல்லாமற் போவதில்லை. இந்த 35 கிராமில் மிகப் பெரும்பகுதி நாம் உண்ணும் கறியுப்பு. எஞ்சியவற்றுள் மக்னீசிய உப்புகளும் கல்சிய உப்புகளும் முக்கியமானவை.

இனி உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக விட்டு வெயிலில் வற்றச் செய்யும்போது எல்லா உப்புகளும் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு வகையைச் சேர்ந்த கல்சியம் காபனேற்று படியும். பின்பு ஜிப்சம் என்னும் கல்சியம் சல்பேற்று படியும். அதன் பின்னரே கறியுப்புப் பளிங்குகள் தோன்றும். மக்னீசிய உப்புகள் கடைசி நீரிலே தங்கி நிற்கும். படகு கரைக்கு வந்து இயந்திரம் நிறுத்தப்பட்டவுடன், அதன் உள்வழிகளிலும் இதே நிகழ்ச்சி நடைபெறுகிறது. நீரைத் தள்ளிய சுழலி நின்றுவிட்டது. உலோகமோ இன்னும் கொதிக்கிறது. உள்ளே மூலைமுடுக்குகளில் தங்கிய நீர் வற்றுகிறது, உப்பு எஞ்சுகிறது. ஆகவே ஒவ்வொரு இயந்திரத்தினுள்ளும் நாள்தோறும் ஒரு சிறிய உப்பளம் விளைகிறது எனலாம்.

மறுநாள் இயந்திரத்தை இயக்கும்போது கடல்நீரே இந்த உப்பைக் கரைத்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. கறியுப்பு ஓரளவு கரையத்தான் செய்யும். ஆனால் கல்சியப் படிவு எளிதில் கரையாது. அது மட்டுமன்று, சீனி முதலிய பொருள்கள் சூடான நீரில் மிகுதியாகக் கரைய, இக்கல்சிய உப்புகளோ சூடு மிகும்போது குறைவாகவே கரையும் இயல்புடையவை. தேநீருக்குக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலின் உட்புறத்திலே காலப்போக்கில் வெண்ணிற ஓடு படிந்திருப்பதை இல்லத்தரசிகள் அறிவார்கள். இயந்திரத்தினுள்ளும் அதே வகையான ஓடு, மிகச் சூடான இடங்களையே நாடிப் படிகிறது. இதனாலேதான் கடல்நீரால் நேராகக் குளிர்விக்கப்படும் இயந்திரங்களை மோட்டர் வண்டி இயந்திரத்தை விடக் குறைந்த வெப்பத்தில் ஓடும்படி அமைத்திருக்கிறார்கள். அவற்றிலுள்ள வெப்பக் கட்டுப்பாட்டு வாயில், அதாவது தெர்மோஸ்டாட், பல இயந்திரங்களில் ஏறக்குறைய 50 பாகை செல்சியஸ் அளவிலேயே திறக்கத் தொடங்கிவிடும்.

படிந்த ஓடு இரண்டு வகையிலே தீங்கு செய்கிறது. முதலாவது, அது சூட்டைக் கடத்தும் திறனிலே அலுமினியத்தை விடப் பல பத்து மடங்கு தாழ்ந்தது. ஆகவே அது உலோகத்துக்கும் நீருக்கும் இடையே ஒரு போர்வையாகிவிடுகிறது. நீர் ஓடுகிறது, சூடு தணிவதில்லை. ஓடு மேலும் தடித்தால் நீர் ஓடும் வழியே அடைபட்டுப்போகும். அப்போது ஆடுதண்டு விரிந்து உருளையைக் கீறும். இயந்திரம் இறுகி நின்றுவிடும். இரண்டாவது, உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டு. கடலுப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தை ஆங்காங்கே துளைத்து, ஊசி குத்தியது போன்ற குழிகளைத் தோற்றுவிக்கும். மக்னீசிய உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பதால், கரையில் உலர்வது போலத் தோன்றும் இயந்திரம் உண்மையில் முற்றாக உலர்வதே இல்லை. அரிப்பு இரவு முழுவதும் தொடர்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இயந்திரத்தின் மேல் காணப்படும் வெண்பொடி யாவும் உப்பு அன்று. அரிக்கப்பட்ட அலுமினியமும் வெண்பொடியாகவே தோன்றும். சிறிது நன்னீர் ஊற்றிப் பாருங்கள். கரைந்து மறைந்தால் அது உப்பு. கரையாமல் நின்று, அடியிலே குழி தெரிந்தால் உலோகமே கெட்டுவருகிறது என்று பொருள்.

இனிக் கழுவும் முறைக்கு வருவோம். உப்பு பளிங்காக இறுகுவதற்கு முன், அதாவது கரை சேர்ந்த அன்றே, நன்னீரால் கழுவுவதே தலைசிறந்த முறையாகும். இருநூறு லீற்றர் கொள்ளும் ஒரு பரல் இதற்குப் போதும். அதில் நன்னீர் நிரப்பி, இயந்திரத்தை ஒரு சட்டத்திலே செங்குத்தாக மாட்டி, அடிப்பகுதியை நீரில் அமிழ்த்துங்கள். விசிறிக்கு மேலே கிடையாக அமைந்த தகடு நீரினுள் மறையும்வரை நீர் நிற்க வேண்டும். தொடங்குவதற்கு முன்பே விசிறியைக் கழற்றிவிடுங்கள். சுழலும் விசிறி விரலைத் துண்டிக்கும். பல்லிணைப்பை நடுநிலையில் வைத்து, இயந்திரத்தை மெதுவான வேகத்தில் பத்து நிமிடம் முதல் பதினைந்து நிமிடம் வரை ஓடவிடுங்கள். ஓரிரு நிமிடத்தில் நிறுத்திவிடுவதில் பயனில்லை. இயந்திரம் சூடேறித் தெர்மோஸ்டாட் திறந்தால்தான் நன்னீர் உள்வழிகள் எல்லாவற்றுக்கும் செல்லும். புகை நச்சுடையதாகையால் இவ்வேலையைத் திறந்த வெளியிலே செய்ய வேண்டும். மூடிய வாடிக்குள் செய்தல் கூடாது. நீரில்லாமல் இயந்திரத்தைச் சில விநாடியேனும் ஓட்டிப் பார்க்காதீர்கள். இம்பெல்லரின் றப்பர் இதழ்களுக்கு நீரே எண்ணெய். அது இல்லாவிடில் அவை தேய்ந்து கருகிவிடும்.

புதிய இயந்திரங்கள் சிலவற்றில் நீர்க்குழாயை நேரே பொருத்திக் கழுவுவதற்கென ஒரு வாயில் உண்டு. அதனைப் பயன்படுத்தும்போது இயந்திரத்தை இயக்கலாமா, நிறுத்தி வைக்க வேண்டுமா என்பதை அந்த இயந்திரத்தோடு வந்த கைந்நூலிலே பார்த்து அறிந்துகொள்ள வேண்டும். கழுவி முடிந்ததும் இயந்திரத்தை நிமிர்த்தி நிறுத்துங்கள். சாய்த்து வைத்தால் உள்ளே நீர் தங்கும்.

மேல்மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பார்ப்பதும் அவசியம். அங்கே பிளக், மின்கம்பிகள், எரிபொருட் கலவைக் கருவி ஆகியவை இருக்கின்றன. அங்கே நீரைப் பாய்ச்சி அடித்தல் தவறு. நன்னீரிலே நனைத்துப் பிழிந்த துணியினால் துடைத்து, உலரவிட்டு, உலோகப் பகுதிகளில் மெல்லிய எண்ணெய் பூசினாற் போதும். நீர் வீழும் அறிகுறித் துளை அடைபட்டிருந்தால் தங்கூசி நூலின் ஒரு துண்டைச் செலுத்தி மெதுவாக எடுக்கலாம். இரும்புக் கம்பியால் குத்துவோர் துளையைப் பெரிதாக்கி, அடைப்பையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். துளையிலே நீர் நன்றாக வருகிறது என்பதால் உள்ளே எல்லாம் சரி என்றும் முடிவு செய்துவிடலாகாது. சில இயந்திரங்களில் அந்நீர் உருளையைச் சுற்றுவதற்கு முன்பே பிரிந்து வருவது. ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையாவது இம்பெல்லரையும் தெர்மோஸ்டாட்டையும் கழற்றிப் பார்த்தல் வேண்டும். கடல் கொந்தளிக்கும் வாடைக்காற்றுக் காலம் இதற்கு ஏற்றது.

பல மாதம் கழுவாமையால் ஓடு இறுகிவிட்டால் என் செய்வது? கழற்றக்கூடிய தெர்மோஸ்டாட் முதலியவற்றை, வினாகிரியும் நீரும் சம அளவு கலந்த கரைசலிலே சிறிது நேரம் ஊறவைக்கலாம். சிறு குமிழிகள் எழுமாயின் சுண்ணாம்புப் படிவு கரைகிறது என்று அறிக. பின்பு நன்னீரால் நன்றாக அலம்ப வேண்டும். வினாகிரியும் நெடுநேரம் நின்றால் அலுமினியத்தைத் தாக்கும். ஜிப்சப் படிவை வினாகிரி எளிதிற் கரைக்காது. உருளையின் தலைமூடியைத் திறந்து சுரண்ட வேண்டிய நிலை வந்தால் அதைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் ஒப்படைப்பதே முறை. அவரும் இரும்புக் கருவியால் அன்றி மரத் துண்டாலோ பிளாஸ்டிக் துண்டாலோ சுரண்டி, மூடும்போது புதிய கஸ்கற் இட வேண்டும்.

பற்றரி அமிலத்தை ஊற்றுவதும், மலசலகூடம் கழுவும் அமிலத்தை ஊற்றுவதும், சோடாக்காரத்தைக் கரைத்து ஊற்றுவதும் பெரும் கேடு. இவை ஓட்டைக் கரைக்கும் வேகத்திலே அலுமினியத்தையும் தின்றுவிடும். சோடாக்காரம் அலுமினியத்தோடு சேரும்போது தீப்பற்றக்கூடிய ஐதரசன் வாயுவும் வெளிப்படும்.

இயந்திரத்தின் அடிப்பகுதியிலே திருகப்பட்டிருக்கும் சாம்பல்நிறக் கட்டி ஒன்றைப் பற்றியும் கூற வேண்டும். அது துத்தநாகத்தாலோ ஒருவகை அலுமினியக் கலப்பினாலோ ஆனது. கடல்நீரிலே வேறு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும்போது, அவற்றுள் எளிதில் இணங்கும் உலோகம் அரிக்கப்பட, மற்றையது தப்பிவிடும். இவ்வுண்மையைக் கொண்டு 1824ஆம் ஆண்டில் ஹம்ப்ரி டேவி என்னும் ஆங்கில விஞ்ஞானி, பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் செப்புத் தகட்டைக் காக்கும் வழியைக் கண்டறிந்தார். 1957ஆம் ஆண்டு வரை நம் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டிருந்ததும் அந்தக் கடற்படையே. அன்று பெருங்கப்பல்களுக்கு எண்ணிய உபாயம் இன்று சிறு படகின் இயந்திரத்திலும் பயன்படுகிறது. தான் கரைந்து இயந்திரத்தைக் காக்கும் இக்கட்டி பாதி கரைந்ததும் புதியதை மாற்ற வேண்டும். அழகுக்காக அதன்மேல் வர்ணம் பூசினால் அது தன் தொழிலைச் செய்யாது.

இயந்திரம் முழுவதுமே கடலில் மூழ்கிவிட்டால், தூக்கி எடுத்துக் கரையிலே காயப்போடுவது பிழை. உப்புநீரில் நனைந்த உலோகம் காற்றுப் பட்டவுடன் விரைந்து அரிக்கப்படும். எடுத்தவுடன் நன்னீரால் முழுமையாகக் கழுவி, பிளக்கைக் கழற்றி உள்ளிருக்கும் நீரை வடித்து, எண்ணெய் இட வேண்டும். உடனே பழுதுபார்க்க இயலாவிடின், நன்னீர் நிறைந்த பரலிலே அதனை மூழ்க வைத்திருத்தலே அதுவரை நல்லது.

இவற்றைக் கேட்கும் கடற்றொழிலாளர் ஒருவர், குடிக்கவே நன்னீர் அரிதான கரையில் இயந்திரத்துக்கு எங்கே போவது என்று கேட்டால் அது நியாயமான கேள்வியே. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதி வந்த ஆழிப்பேரலை கிழக்குக் கரையின் கிணறுகள் பலவற்றை உப்பாக்கியது. உவர்க் கிணற்று நீரால் கழுவுவதும் கழுவாமல் விடுவதை விட மேலானதே. ஆயினும் மழைநீர் அதனினும் சிறந்தது. அதில் உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. வடகீழ்ப் பருவமழையை வாடிக் கூரைகளிலிருந்து தொட்டிகளிலே சேகரிக்கலாம். சவர்க்காரம் நன்றாக நுரைக்கும் நீர் இயந்திரத்துக்கும் ஏற்ற நீர் என்பதை நினைவிற் கொள்க.

செலவைப் பற்றியும் ஒரு சொல். நம் கரையிலே பல இயந்திரங்கள் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது எத்தனையோ படகுகள் கரையேறிக் கிடந்தன. எரிபொருளின் விலை நம் கையில் இல்லை. இயந்திரத்தின் ஆயுளோ பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது. அரிக்கப்பட்ட உருளைக்கும் இறுகிய ஆடுதண்டுக்கும் கடன் வாங்கும் குடும்பம், அதனைத் தீர்க்கப் பல மாதம் கடலுக்குப் போக வேண்டும்.

ஒவ்வொருவரும் தனித்தனியே பரலும் தொட்டியும் அமைக்க இயலாவிடின், மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் படகு சேரும் துறைகளிலே பொதுக் கழுவுமிடம் ஒன்றை அமைக்கலாம். ஒரு மழைநீர்த் தொட்டி, இரண்டு பரல்கள், இயந்திரம் மாட்ட ஒரு மரச்சட்டம், இவ்வளவே தேவை. கழுவிய நீரில் எண்ணெய் கலந்திருப்பதால் அதனைக் கிணற்றருகே கொட்டாதவாறு ஓர் ஒழுங்கும் வேண்டும். பாடசாலைகளும் இதிற் பங்கு கொள்ளலாம். உப்பு படிதலும் கரைதலும் உலோகம் அரிக்கப்படுதலும் நம் விஞ்ஞான பாடத்திலே உள்ளவைதாம். ஆசிரியர் ஒருவர் மாணவரைத் துறைக்கு அழைத்துச் சென்று, திறந்த இயந்திரம் ஒன்றைக் காட்டி அப்பாடத்தை நடத்துவாராயின், அன்று மாலையே பிள்ளை தந்தையிடம், "அப்பா, இஞ்சினைக் கழுவிவிட்டீர்களா?" என்று கேட்கும்.